விண்மீன் வீழ்வதில்லை!

சென்ற கிழமை ஒரு காலை. பள்ளி மணி இன்னும் அடிக்கவில்லை. நாம் ஏடு ஒன்றைப் புரட்டியபடி அமர்ந்திருந்தோம். எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் வந்து மேசையருகே நின்றான். முகத்தில் வாட்டம், கண்களில் உறக்கமின்மை.

"ஐயா, நேற்றிரவு எங்கள் வீட்டுக்கு நேர் மேலே விண்மீன் ஒன்று வீழ்ந்தது. நான் பார்த்தேன். பாட்டியும் பார்த்தார். வீட்டில் ஓர் உயிர் போகப் போகிறது என்கிறார் பாட்டி. தாத்தா படுக்கையில் இருக்கிறார், ஐயா. இனி அவருக்கு மருந்து எதற்கு என்று பேசிக்கொள்கிறார்கள். உண்மையாகவா, ஐயா?"

கேட்டவன் பதின்மூன்று வயதுச் சிறுவன். ஆனால் கேள்வியின் வயது என்ன? மனிதன் நிமிர்ந்து நின்று வானத்தைப் பார்த்த நாளிலிருந்து தொடர்ந்து வரும் கேள்வி அது! அரசர்களை அஞ்ச வைத்தது, அறிஞர்களை அலைக்கழித்தது, பூசாரிகளுக்குப் பிழைப்பளித்தது. அதற்கு விடை கிடைத்த வரலாற்றையே இக்கிழமை நண்பர்கள் முன் வைக்க விழைகிறோம். அந்த வரலாற்றிலே மடமை மட்டுமன்று, மேதைகளின் பிடிவாதமும் தோற்றிருக்கிறது. ஆகவே அது நமக்கும் ஒரு பாடம்.

மன்னனுக்கென ஒரு மீன்!

நம் முன்னோர் வானத்தைக் கூர்ந்து நோக்கியவர்கள். புறநானூற்றின் 229ஆம் பாட்டு அதற்குச் சான்று. கூடலூர் கிழார் என்னும் புலவர், எரிந்து வீழ்ந்த மீன் ஒன்றைக் கண்டார். எந்தத் திங்கள், இரவின் எந்தப் பொழுது, எந்தெந்த விண்மீன்கள் எங்கெங்கே நின்றன என்று குறித்து வைத்தார். கண்ட காட்சியைக் காலத்தோடும் இடத்தோடும் பதிவு செய்யும் அந்தக் கண், ஆராய்ச்சியாளனின் கண்! ஆனால் அந்தக் கண் கண்டதை நெஞ்சம் வேறுவிதமாகப் படித்தது. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு வரும் என்று புலவர் அஞ்சினார். ஏழாம் நாள் மன்னன் மாண்டான். அச்சம் நம்பிக்கையாயிற்று, நம்பிக்கை வழக்கமாயிற்று.

இது தமிழனுக்கு மட்டும் உரிய பலவீனம் என்று எவரும் எண்ண வேண்டாம். 1492ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், அல்சேசு நாட்டு என்சிசைம் என்னும் ஊரருகே கோதுமை வயலிலே பேரொலியோடு ஒரு கல் வீழ்ந்தது. எடை ஏறத்தாழ 127 கிலோ. சில நாட்களுக்குப் பின் அவ்வழியே வந்தான் மாக்சிமிலியன் அரசன். பிரெஞ்சு மன்னனோடு அவனுக்குப் பகை. "இது ஆண்டவன் எனக்கு அனுப்பிய நற்குறி!" என்று சாற்றினான். கல் மாதா கோயிலுக்குள் கொண்டு செல்லப்பட்டது. சேரனுக்கு வீழ்ந்தபோது கேடு; மாக்சிமிலியனுக்கு வீழ்ந்தபோது பேறு! வானம் ஒன்றுதான்; வாசித்தவர்கள்தாம் வேறு. கல் பேசவில்லை. கல்லுக்காகப் பேசியவர்கள், தமக்கு வேண்டியதையே பேசினார்கள்.

இரண்டாயிரம் ஆண்டுத் தீர்ப்பு

அஞ்சாமல் எண்ணிப் பார்த்தவர்களும் இல்லாமலில்லை. கிரேக்கப் பேரறிஞன் அரிஸ்டாடில், கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே, இதில் தெய்வத்தை நுழைக்காமல் ஒரு விளக்கம் தந்தான். கதிரவன் வெப்பத்தால் நிலத்திலிருந்து உலர்ந்த ஆவி எழுகிறது. அது மேலே சென்று பற்றிக்கொள்கிறது. அதுவே எரிமீன் என்றான். திங்களுக்கு மேலுள்ள உலகம் மாறாதது, தூயது. மாற்றமும் அழிவும் திங்களுக்குக் கீழேதான். ஆகவே எரிமீனும் நம் காற்றுக்குள் பிறந்து காற்றுக்குள் சாவதே என்பது அவன் முடிவு.

அக்காலத்துக்கு அது நல்ல முயற்சி. குறையெல்லாம் பின்வந்தவர்களிடத்தே! அரிஸ்டாடில் தேடினான், அவர்களோ, அரிஸ்டாடில் சொல்லிவிட்டான் என்று தேடுவதை நிறுத்தினார்கள். இரண்டாயிரம் ஆண்டுகள் அந்தக் கருத்து அரியணையிலே வீற்றிருந்தது. வேதத்தைச் சொல்லி வாயடைப்பது ஒரு வகை. மேதையைச் சொல்லி வாயடைப்பது மற்றொரு வகை. இரண்டிலும் அடைபடுவது வாய் மட்டுமா? அறிவுமன்றோ!

அவையோரும் அடம் பிடித்தனர்

பதினெட்டாம் நூற்றாண்டு, ஐரோப்பாவின் அறிவு விடியற்காலம். மூடநம்பிக்கையை முறியடிக்க அறிஞர்கள் முனைந்து நின்ற காலம். அப்போதுதான் நாம் அனைவரும் நினைவில் வைக்க வேண்டிய ஒரு தவறு நிகழ்ந்தது.

1768 செப்டம்பர் 13ஆம் நாள், பிரான்சு நாட்டு லூசே என்னும் சிற்றூரில் உழவர்கள் இடியோசை கேட்டார்கள். ஒரு கல் வீழ்வதைக் கண்டார்கள். ஓடிச் சென்று எடுத்தார்கள். கல் பாரிசு அறிவியல் கழகத்துக்குப் போயிற்று. ஆராய்ந்தவர் மூவர், அவர்களுள் ஒருவர் லவாசியே, பிற்காலத்தில் புதிய வேதியியலின் தந்தை எனப் புகழப்பட்டவர். அவர்கள் தந்த தீர்ப்பு என்ன? "இது வானத்திலிருந்து வரவில்லை, மண்ணில் கிடந்த கந்தகமும் இரும்பும் கலந்த கல், மின்னல் தாக்கியிருக்கிறது, அவ்வளவே!"

வானத்திலே கல் ஏது? கல் இல்லாத இடத்திலிருந்து கல் எப்படி வரும்? இது அவர்கள் கருத்து. கேட்பதற்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறது! மூடப்பழக்கத்தை ஒழிக்கப் புறப்பட்டவர்கள், உழவர்கள் கண்ணால் கண்டதையும் மூடப்பழக்கத்தின் கணக்கிலே எழுதிவிட்டார்கள். எளியவன் சொன்னதாலேயே சான்று எளிதாகிவிட்டது. பகுத்தறிவாளர்கள் என்று மார்தட்டும் நாம், இந்த இடத்தில் சற்று நின்று நம்மையும் பார்த்துக்கொள்வது நல்லது. மறுப்பதற்கும் சான்று வேண்டும். அதை மறந்த அறிவு, அறிவின் உடை தரித்த ஆணவம்.

அந்த ஆணவத்தை அசைத்தவர் எர்னஸ்ட் கிளாட்னி. செருமானியர்; சட்டம் பயின்றவர்; ஒலியின் இயல்பை ஆராய்ந்து புகழ் கொண்டவர். கோட்டிங்கன் பல்கலைக் கழகப் பேராசிரியர் லிக்டன்பர்க்கோடு நிகழ்ந்த உரையாடல் ஒன்று அவர் உள்ளத்தில் கேள்வியை விதைத்தது. நூல் நிலையத்தில் அமர்ந்தார். நெருப்புக் கோளங்களைப் பற்றியும் வீழ்ந்த கற்களைப் பற்றியும் பல நாட்டவர், பல காலத்தவர் எழுதி வைத்த குறிப்புகளைத் திரட்டினார். வழக்கறிஞன் சாட்சிகளை ஒப்பிடுவதுபோல் ஒப்பிட்டார். ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே செய்தியைச் சொல்கிறார்களே, இத்தனை பேரும் எப்படிப் பொய்யராவர்? சைபீரியாவில் பல்லாஸ் என்னும் அறிஞர் கண்ட, ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ள இரும்புப் பாறை அங்கே எப்படி வந்தது?

1794இல் நூல் வெளிவந்தது. நெருப்புக் கோளங்களும் எரிமீன்களும் வீழ்கற்களும் ஒரே குடும்பம்; பிறப்பிடம் பூமியன்று, விண்வெளி; அவற்றின் வேகமே அதற்குச் சான்று என்றார் கிளாட்னி. நகைத்தவர் பலர். ஆனால் வானமே அவர் பக்கம் சாட்சி சொல்ல வந்துவிட்டது! அதே 1794இல் இத்தாலியின் சியன்னாவில் கற்கள் வீழ்ந்தன. 1795இல் இங்கிலாந்தின் யார்க்சையரில் ஒன்று. 1798இல் நம் நாட்டுக் காசிக்கருகே பல. 1802இல் எட்வர்ட் ஓவர்ட் என்னும் ஆங்கில வேதியியலார் இவற்றைப் பகுத்து ஆராய்ந்தபோது, வெவ்வேறு நாட்டில் வீழ்ந்த கற்களின் இரும்பிலெல்லாம் நிக்கல் கலந்திருக்கக் கண்டார். 1803 ஏப்பிரல் 26ஆம் நாள் பிரான்சின் லெய்கிள் வட்டாரத்தில் மூவாயிரம் அளவில் கற்கள் பொழிந்தன. அரசு அனுப்பிய இளம் அறிஞர் பியோ ஊர் ஊராக நடந்தார், உழவரைக் கேட்டார், கல் கிடந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார், உழவர் சொல் உண்மை என்று அறிவித்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஏர் பிடித்த கைக்கு நீதி கிடைத்தது!

இருபத்தொரு வயதினர் இருவர்

கற்கள் விண்ணிலிருந்து வருவது சரி. கல்லே வீழாமல், ஓசையே எழாமல், கோடு கிழித்து மறையும் எரிமீன்? அது எவ்வளவு உயரத்தில் தோன்றுகிறது? அதை அறியாமல் வாதாடி என்ன பயன்?

இதற்கு விடை கண்டவர்கள் நரைத்த தலையினரல்லர். கோட்டிங்கனில் பயின்ற இரு மாணவர்கள். ஒருவர் பிராண்டெஸ், மற்றவர் பென்சன்பெர்க். இருவரும் 1777இல் பிறந்தவர்கள். 1798இல் வயது இருபத்தொன்று. அவர்களிடம் விலையுயர்ந்த கருவிகள் உண்டா? இல்லை! விண்மீன் படம், கடிகாரம், உறக்கத்தை விலையாகக் கொடுக்கும் உள்ளம்: இவைதாம் மூலதனம்.

அவர்கள் செய்தது இதுதான். ஒருவர் ஓரிடத்தில் நின்றார். மற்றவர் சில கல் தொலைவில் நின்றார். எரிமீன் தோன்றியதும் நேரத்தைக் குறித்தார்கள். எந்த விண்மீன்களுக்கிடையே பாய்ந்தது என்று படத்தில் வரைந்தார்கள். பிறகு இரு படங்களையும் ஒப்பிட்டார்கள். கையை நீட்டி விரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றும். விரல் அருகே இருந்தால் பெயர்ச்சி மிகுதி, அகன்றால் குறைவு. இரு மாணவர்களும் ஒரு மாபெரும் முகத்தின் இரு கண்களாக நின்றார்கள்!

முதலில் கொண்ட இடைவெளி போதவில்லை. ஏறத்தாழ 15 கிலோமீட்டராகக் கூட்டினார்கள். எரிமீன் மேகத்தளவு உயரத்தில், பத்துக் கிலோமீட்டரில், எரியும் ஆவியாக இருந்திருந்தால், இருவர் படங்களிலும் அது வானத்தின் வெவ்வேறு மூலைகளில் இருந்திருக்கும். அப்படி இல்லை. பெயர்ச்சி சிறிதாகவே இருந்தது. கையை நீட்டி முட்டியை மடக்கினால் மறையும் அளவு.

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, குளிர் எலும்பைத் துளைக்கும் இரவுகளில், ஏறத்தாழ நானூறு எரிமீன்களைக் குறித்தார்கள். இருவருக்கும் பொதுவாக அமைந்தவை இருபத்திரண்டு மட்டுமே. அளவைகளில் பிழைகளும் இருந்தன. எனினும் அந்த இருபத்திரண்டு போதுமானதாயிற்று! சராசரி உயரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வேகமோ வினாடிக்குப் பல கிலோமீட்டர். பூமியே கதிரவனைச் சுற்றும் வேகத்தோடு ஒப்பிடத்தக்கது. பூமியிலிருந்து மெல்ல எழும் ஆவிக்கு இந்த வேகம் ஏது? இரண்டாயிரம் ஆண்டுத் தீர்ப்பு, ஏறத்தாழ இரண்டு திங்கள் அளவையால் ஆட்டங்கண்டது.

இருவரையும் நாம் தெய்வமாக்கப் போவதில்லை, அவர்களும் தவறியவர்களே. பிற்காலத்தில் பென்சன்பெர்க், எரிமீன்கள் திங்களின் எரிமலைகள் கக்கும் கற்கள் என்று நூலே எழுதினார். அது தவறு என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவர் அளந்த முறை நின்றது. ஆள் தவறினாலும் அளவு நிற்கும். அதுதான் அறிவியலின் சிறப்பு.

வானம் பொழிந்த இரவு

1833 நவம்பர் 12ஆம் நாள் கழிந்து 13ஆம் நாள் விடியுமுன், வட அமெரிக்காவின் வானத்திலே எரிமீன்கள் மழையெனப் பொழிந்தன. எண்ண இயலவில்லை. தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று மக்கள் மண்டியிட்டார்கள். மேரிலாந்தில் அடிமையாக உழன்ற பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனும் அதைக் கண்டான். மீட்பர் வருகைக்கு முன்னறிகுறி என்று எண்ணினான். அவன்தான் பின்னாளில் அடிமைத் தளையை அறுத்தெறிந்து, அடிமை ஒழிப்புப் போரின் பெருங்குரலாக விளங்கிய பிரெடரிக் டக்ளஸ். அந்த எண்ணத்தை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் டக்ளசை விடுவித்தது எது? வானத்து அறிகுறியா? எழுத்தைக் கற்ற அறிவும், எதிர்த்து நின்ற துணிவும், தப்பி ஓடிய கால்களும் அல்லவா!

அதே இரவு, யேல் கல்லூரியின் பேராசிரியர் ஓம்ஸ்டெட்டும் கண்டார். அவர் செய்தித்தாளில் வேண்டுகோள் விடுத்தார்: கண்டவர்கள் கண்டதை எழுதுங்கள் என்றார். மடல்கள் குவிந்தன. எல்லா எரிமீன்களும் சிம்ம மண்டலத்தின் ஒரே புள்ளியிலிருந்து விரிவதுபோல் தோன்றின என்பது தெளிவாயிற்று. நேரான இருப்புப்பாதையின் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றிலிருந்து விரிவதுபோல் தோன்றுவதில்லையா? அதுபோல, இணையாக ஓடிவரும் துகள் கூட்டத்துக்குள் பூமி நுழைகிறது என்று பொருள்.

பிறகு நியூட்டன் என்னும் பெயருடைய அமெரிக்க அறிஞர் (புவியீர்ப்பைச் சொன்ன நியூட்டன் அல்லர்) பழங்கால நாட்குறிப்புகளை ஆராய்ந்து, இப்பொழிவு ஏறத்தாழ 33 ஆண்டுக்கு ஒரு முறை மிகும் என்று கண்டு, 1866 நவம்பரில் மீண்டும் வரும் என்றார். வந்தது! வால்மீன்கள் விட்டுச் செல்லும் துகள்களே இவை என்பதை இத்தாலிய அறிஞர் சியாப்பரெல்லி அதே ஆண்டில் காட்டினார். 1899இல் வரும் என்று எதிர்பார்த்தபோதோ, பொழிவு பொய்த்தது. சோதிடனாயிருந்தால் பரிகாரம் போதவில்லை என்று சொல்லித் தப்பியிருப்பான். வானியலாரோ காரணம் தேடினார்கள். வியாழன், சனி ஆகிய பெருங்கோள்களின் ஈர்ப்பு அந்தத் துகள் ஓடையை விலக்கிவிட்டது என்று கண்டார்கள். 1966இல் அந்தப் பொழிவு மீண்டும் பெருக்கெடுத்தது.

மணலின் மரணம்

எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தது. ஒளி எப்படி வருகிறது? 1847இல் மான்செஸ்டர் நகரத்துச் சொற்பொழிவு ஒன்றில், மதுவடிப்புத் தொழிற் குடும்பத்தில் பிறந்த ஜூல் என்பவர் இதற்கு வழி காட்டினார். இயக்கம் அழிவதில்லை, வெப்பமாக மாறுகிறது. காற்றில் மோதி வேகத்தை இழக்கும் துகள், இழந்த வேகத்துக்கு ஈடாக வெப்பம் அடைகிறது. மெல்லிய காற்றே நமக்குக் கேடயம்!

அந்தக் கணக்கைச் சற்றே பார்ப்போம். கதிரவனின் பிடியிலுள்ள ஒரு துகள், பூமி இருக்கும் தொலைவில் வினாடிக்கு 42 கிலோமீட்டர் வரை ஓடலாம். பூமி 30 கிலோமீட்டர் ஓடுகிறது. நேருக்கு நேர் மோதினால் 72. பின்னாலிருந்து மெல்ல வந்து சேர்ந்தாலும் பூமியின் ஈர்ப்பே 11 கிலோமீட்டர் வேகத்தைத் தந்துவிடும். நடுத்தரமாக 30 என்று கொண்டால், சென்னையிலிருந்து மதுரைக்குப் பதினைந்து நொடி!

ஒரு புளியங்கொட்டை, எடை ஏறத்தாழ ஒரு கிராம். அது 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அதனிடமுள்ள ஆற்றல் நான்கரை இலட்சம் ஜூல். எட்டு டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது கொண்டிருக்கும் ஆற்றலும் அவ்வளவே. ஒரு கிராம் கல்லை உருக்கி ஆவியாக்கப் பத்தாயிரம் ஜூலே மிகுதி. துகள் தன்னை நாற்பது முறை ஆவியாக்கத்தக்க ஆற்றலைத் தானே சுமந்து வருகிறது! எதிரி வேண்டா, தடுத்து நிறுத்த ஒரு கை போதும். அந்தக் கை, காற்று.

நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று எவ்வளவு அடர்த்தி? தரையிலிருப்பதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கும் இல்லை. அங்கே மூலக்கூறுகள் ஒன்றையொன்று முட்டாமல் பத்துச் சென்டிமீட்டருக்கு மேல் ஓடும். ஆகவே சிறு துகளின் மீது காற்று ஓடையாகப் பாய்வதில்லை. தனித்தனி மூலக்கூறாக வந்து அறைகிறது. "உராய்வினால் எரிகிறது" என்று பள்ளிப் பாடங்களில் சொல்லி வந்தோமே, அது திருத்த வேண்டிய சொல். தேய்ப்பதன்று, மோதுவதே அங்கு நிகழ்வது. ஒவ்வொரு மூலக்கூறின் மோதலும், கல்லிலிருந்து ஓரணுவைப் பிரிக்கத் தேவையானதைவிடப் பன்மடங்கு வலியது.

துகள் காய்கிறது, சிவக்கிறது, உருகுகிறது, ஆவியாகிறது. எளிதில் ஆவியாகும் சோடியம் முதலில் ஓடும். இரும்பும் மக்னீசியமும் சிலிக்கனும் அடுத்து. பிடிவாதக்கார கால்சியமும் அலுமினியமும் இறுதியில். இப்படி விடுபட்ட அணுக்கள் காற்றின் மூலக்கூறுகளோடு மோதிக் கிளர்ச்சியுற்று ஒளிவிடுகின்றன. அடுப்புத் தீயில் உப்பைத் தூவினால் மஞ்சள் சுடர் எழுகிறதே, அந்தச் சோடியத்தின் ஒளிதான் எரிமீனின் மஞ்சளும். நீலங்கலந்த பசுமை மக்னீசியத்தினுடையது, செம்மை காற்றினுடையது. எரிமீன் விறகுபோல் எரிவதில்லை; ஆவியாகி ஒளிர்கிறது. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கிய நாடகம், 80 கிலோமீட்டர் வரும்போது பெரும்பாலும் முடிந்துவிடும். காலம்? ஒரு நொடி, அதற்கும் குறைவு!

பல்லாயிரம் ஆண்டு விண்வெளியில் திரிந்த மணற்பருக்கை ஒரு நொடியில் மறைந்துவிடுகிறதா? இல்லை. அது விட்டுச் சென்ற சுவடு மின்னேற்றம் பெற்ற பாதையாகச் சிறிது நேரம் நிற்கும். வானொலி அலையைத் திருப்பி அனுப்பும். எரிமீன் பொழிவு காற்றின் மேலடுக்கைப் பாதிப்பதை ஆராய்ந்து, கல்கத்தாவில் சிசிர்குமார் மித்ராவும் தோழர்களும் 1934இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஏவுகணையைத் தேடிய ராடாரில் எரிமீன்களும் அகப்பட்டன. போர் முடிந்தபின் இங்கிலாந்தின் ஜாட்ரல் பாங்க்கில் லவெல் குழுவினர், கதிரவன் காயும் பகலில் கண்ணுக்குத் தெரியாமல் பொழியும் எரிமீன்களையும் ராடாரால் கண்டுபிடித்தார்கள். ஆவியான சோடியமோ 80இலிருந்து 105 கிலோமீட்டர் வரை மெல்லிய போர்வையாய்ப் பூமியைச் சூழ்ந்திருக்கிறது. இன்றைய பெருந்தொலைநோக்கிகள் லேசர் ஒளியால் அந்தப் போர்வையில் செயற்கை விண்மீன் ஒன்றை ஏற்றி, காற்றின் அலைவைத் திருத்திக்கொள்கின்றன. வீழ்ந்த மீனின் சாம்பல், தொலைவிலுள்ள மீன்களைக் காண விளக்காகிறது!

சிறியதே பிழைக்கும்

மலைபோன்ற கல் பூமியை அடையும், புளியங்கொட்டை ஆவியாகும். அப்படியானால் மிகச்சிறிய தூசு இன்னும் விரைவாக அழியவேண்டுமன்றோ? இல்லை என்கிறது இயற்கை! எஸ்தோனிய நாட்டு அறிஞர் எப்பிக்கும், அமெரிக்கரான விப்பிளும் இந்தப் புதிரை அவிழ்த்தார்கள். 1950இல் விப்பிள் அதைக் கணித்துக் காட்டினார். பெரும்பானைக் கஞ்சி ஆற நெடுநேரம் ஆகும்; அகப்பையில் அள்ளிய கஞ்சி நொடியில் ஆறும். உடல் சிறுத்தால், உடலைக் காட்டிலும் மேற்பரப்பு விகிதத்தில் மிகும். வாங்கிய வெப்பத்தை உடனுக்குடன் வீசிவிடும். மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கே உள்ள தூசு, மிக உயரத்திலேயே வேகம் தணிந்து, பலவேளை உருகாமலே, மெல்ல மெல்லத் தரையிறங்குகிறது.

அண்டார்க்டிகாவின் பனியை உருக்கி எண்ணியவர்கள் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, இத்தகைய நுண்துகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,200 டன் தரையை அடைகிறது. நார்வே நாட்டு இசைக் கலைஞர் யோன் லார்சன், நகரத்துக் கூரைகளின் குப்பையைச் சலித்து, உருகி உருண்ட விண்துகள்களைக் கண்டெடுத்தார். 2017இல் அறிவியலாரும் அதை ஏற்றனர். எந்தக் கோயிலும் தொழாத விண்தூசு, எல்லார் கூரையிலும் படிகிறது; சேரிக் கூரைக்கும் மாளிகைக்கும் வேற்றுமை பார்ப்பதில்லை!

கணக்கும் கட்டிலும்

அச்சிறுவனுக்கு என்ன சொன்னோம்? "தம்பி, நேர் மேலே வீழ்ந்தது என்றாயே, அது 90 கிலோமீட்டர் உயரத்தில் மறைந்த மணல். 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தவனும் அதைக் கண்டிருப்பான். எத்தனை ஊர், எத்தனை வீடு! அத்தனை பேரும் தம் பக்கம் வீழ்ந்ததாகவே எண்ணியிருப்பார்கள். அந்த வீடுகளிலே எத்தனை நோயாளிகள்! யாரோ ஒருவர் இறந்தால், பார்த்தாயா என்பார்கள். பிழைத்த ஆயிரம் பேரை யார் எண்ணுகிறார்கள்? கண்ணுக்குத் தெரியத்தக்க எரிமீன்கள் உலகெங்கும் நாளொன்றுக்கு இரண்டரைக் கோடி என்பது ஒரு மதிப்பீடு. ஒவ்வொன்றும் ஓர் உயிரைக் குறிக்குமானால், ஓராண்டுக்குள் இந்த உலகில் மனிதரே இருக்கமாட்டார்களே!"

சிறுவன் கணக்குப் போட்டான். இரண்டரைக் கோடியை 365ஆல் பெருக்கினான். முகம் மலர்ந்தது. ஆனால் வீட்டார்? கணக்குப் புத்தகம் கட்டிலருகே செல்லுமா?

மாலையில் அவனோடு சென்றோம். கயிற்றுக் கட்டிலில் முதியவர் கிடந்தார். மருந்துச் சீசா மாடத்தில் மூடியபடி இருந்தது. மூன்று நாளாகத் திறக்கவில்லை. விண்மீனைக் காணுமுன்பே தளர்ந்திருந்த நம்பிக்கையை, விண்மீன் முற்றும் அணைத்திருந்தது. நாம் அங்கே பிராண்டெசைப் பற்றிப் பேசவில்லை. விப்பிளைப் பற்றிப் பேசவில்லை. பாட்டியைப் பழிக்கவுமில்லை. லூசே உழவரைப் பழித்த அவையோரின் நினைவு நமக்கு இருந்தது. "அம்மா, நீங்கள் கண்டது உண்மை. ஒளி வீழ்ந்தது உண்மை. அது உங்கள் வீட்டுச் செய்தியன்று" என்றோம். சிறுவன்தான் வாசலில் அமர்ந்து, கடுகு ஒன்றை விரலால் சுண்டிக்காட்டி, பாட்டிக்குத் தெரிந்த சொற்களில் சொன்னான். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி, எழுந்துபோய் மாடத்திலிருந்த சீசாவை எடுத்து வந்தார். மறுநாள் காலை வண்டி வைத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள்.

நண்பர்களே! மூடநம்பிக்கை வெறும் கதையாக இருக்கும்வரை நாம் நகைக்கலாம். அது மருந்துச் சீசாவை மூடும்போது, நகைக்க நேரமில்லை. போய் நிற்க வேண்டும். பிராண்டெசும் பென்சன்பெர்க்கும் இரவெல்லாம் நின்றார்கள். பியோ ஊர் ஊராக நடந்தார். நமக்கு ஒரு தெருவேனும் நடக்கக் கால்கள் இல்லையா?

முதியவர் இன்னும் மருத்துவமனையிலேயே இருக்கிறார். பிழைப்பாரா? அதை மருத்துவர் சொல்லட்டும். ஒரு நொடியில் ஆவியாகிப்போன மணலுக்கு அது தெரியாது.